பாட்லக்குக்கு பம்ப்கின் அல்வா டார்ட்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நவம்பர் பிறந்ததும் அலுவலக மின்னஞ்சலில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வந்து விழும். பெயர், கொண்டுவரும் உணவு, எத்தனை பேருக்கு என்று கட்டங்கள் இருக்கும். தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நவிலும் பண்டிகை நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வருகிறது. அதற்கு முந்தைய வாரமோ, அந்த வாரத்தின் திங்கள், செவ்வாயிலோ அலுவலக பாட்லக்கை, அதாவது ஆளுக்கொரு உணவைக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் விருந்தை, வைத்துவிடுவார்கள். புதிதாக வந்தவர் பெரும்பாலும் என்ன செய்வார்? கடைசி நாள் வரை கட்டத்தை நிரப்பாமல் வைத்திருந்து, பிறகு சிப்ஸ் பாக்கெட் என்று எழுதிவிடுவார். அதில் தப்பில்லை. ஆனால் நம் ஊர்ப் பலகாரமும் இந்த ஊர்ப் பண்டிகையும் ஒரே தட்டில் கைகுலுக்கிக்கொள்ளும்படி ஒன்றைச் செய்ய ஆசையிருந்தால், மேலே படியுங்கள்.

நான் பரிந்துரைப்பது பம்ப்கின் அல்வா டார்ட். பார்த்தால் குட்டி பம்ப்கின் பை (pie), அதாவது மாவுக் கிண்ணத்தில் பரங்கிக்காய் நிரப்பிச் சுடும் இந்த ஊர் இனிப்பு. கடித்தால் ஏலக்காய் மணக்கும் பரங்கிக்காய் அல்வா. முட்டை இல்லை, விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இல்லை, சூடு பண்ண வேண்டியதில்லை, கத்தி, தட்டு, ஸ்பூன் எதுவும் வேண்டாம். பிரியாணி, சாம்பார் வடை, மசாலா மேக் அண்ட் சீஸ் என்று எத்தனையோ யோசனைகள் வரும். ஆனால் பாட்லக்கில் ருசிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மேஜையில் ஆறிப்போய், யாரும் கவனிக்காமல் ஒரு மணி நேரம் கிடந்தாலும் இது நன்றாக இருக்குமா? ஆறிய வடைக்கு அந்தத் தெம்பு கிடையாது. இந்த டார்ட்டுக்கு உண்டு.

கீழே உள்ள அளவு 60 டார்ட்டுக்கானது. 30 பேர் வரும் விருந்துக்கு இது போதும். எல்லாரும் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுப்பார்கள். அதனால் ஆளுக்கு இரண்டு என்பதே தாராளக் கணக்கு.

1. முதலில் அழைப்பை முழுக்கப் படியுங்கள்

எல்லா இடத்திலும் வீட்டில் சமைத்ததை அனுமதிப்பதில்லை. குறிப்பாகப் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும், கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத உணவு மட்டும்தான் என்ற விதி சகஜம். மின்னஞ்சலின் அடியில் சின்ன எழுத்தில் அது இருக்கும். இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பவரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள். கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள்:

- வருபவர்களில் யாருக்காவது உணவு ஒவ்வாமை இருக்கிறதா?
- அங்கே ஃப்ரிட்ஜில் இடம் கிடைக்குமா?
- மேஜையில் எத்தனை மணிக்கு வைக்க வேண்டும்?

ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதும்போது ‘இந்தியன் ஸ்வீட்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. ‘பம்ப்கின் அல்வா டார்ட், சைவம், முட்டை இல்லாதது, 60’ என்று எழுதினால், அதே வரிசையில் வேறு யாரும் சைவ இனிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. சீக்கிரம் எழுதுவது நல்லது. டெசர்ட் கட்டங்கள்தான் முதலில் நிரம்பும்.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

- பம்ப்கின் ப்யூரே (மசித்த பரங்கி விழுது): 15 அவுன்ஸ் டின் 2
- மினி ஃபில்லோ ஷெல் (காகிதம் போல் மெல்லிய மாவில் செய்த குட்டிக் கிண்ணம்): 15 இருக்கும் பெட்டி 4 (உறைந்த உணவுப் பகுதியில் இருக்கும்)
- சர்க்கரை: ஒன்றேகால் கப், அதாவது 250 கிராம்
- நெய்: 8 முதல் 9 மேஜைக்கரண்டி
- ஏலக்காய்ப்பொடி: ஒன்றரைத் தேக்கரண்டி
- சுக்குப்பொடி: அரைத் தேக்கரண்டி
- பட்டைப்பொடி: கால் தேக்கரண்டி
- உப்பு: இரண்டு சிட்டிகை
- தோல் நீக்கிய பூசணி விதை: ஒரு கைப்பிடி
- ஹெவி விப்பிங் கிரீம்: 1 கப் (விருப்பம் இருந்தால்; கூடவே பவுடர் சர்க்கரையும், மாஸ்கர்போனே என்ற மென்மையான கிரீம் சீஸும் இரண்டிரண்டு மேஜைக்கரண்டி)

நெய்யும் சர்க்கரையும் வீட்டில் இருந்தால் செலவு குறையும். செலவில் பெரும்பங்கு ஷெல்லுக்கே போகும். நெய்ப் பாட்டில் வாங்குவது கட்டுப்படியாகாது என்றால், உப்பில்லாத வெண்ணெய் இரண்டு ஸ்டிக் வாங்கி உருக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டிக் 113 கிராம். இரண்டையும் உருக்கினால் தேவைக்கு மேலேயே நெய் கிடைக்கும், வீடும் மணக்கும்.

கடையில் நாலு இடத்தில் கால் இடறும்.

முதலாவது டின். பம்ப்கின் ப்யூரேயும் ‘பம்ப்கின் பை மிக்ஸ்’ அல்லது ‘பை ஃபில்லிங்’ என்பதும் ஒரே அலமாரியில், அநேகமாக ஒரே நிறத்தில், தோளோடு தோள் உரசி நிற்கும். பை மிக்ஸில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். அதில் அல்வா கிளறினால் திகட்டும், ஏலக்காய் வாசனை கிராம்பு வாசனைக்கு அடியில் அமுங்கிப் போகும். டின்னைத் திருப்பிப் பொருள்பட்டியலைப் படியுங்கள். பம்ப்கின் என்ற ஒரே ஒரு சொல்தான் அங்கே இருக்க வேண்டும்.

இரண்டாவது, பணத்தை மிச்சம் பிடிக்க ஃபில்லோவுக்குப் பதில் பை மாவு வாங்குவது. குளிரூட்டிய பகுதியில் சுருட்டி வைத்திருக்கும் மாவை வட்டமாக வெட்டி மினி மஃபின் தட்டில் அழுத்திச் சுட்டால் செலவு குறையும். ஆனால் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும். அதைவிட முக்கியம், சில நிறுவனங்களின் பை மாவில் லார்ட் இருக்கிறது, அதாவது பன்றிக் கொழுப்பு. தட்டின் பக்கத்தில் சைவம் என்று அட்டை எழுதி வைக்கப்போகிறவர் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

மூன்றாவது மார்ஷ்மெல்லோ, மெத்தென்ற ஒரு மிட்டாய். இந்தப் பண்டிகைக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ போட்டுச் சுடும் வழக்கம் இங்கே உண்டு. அதைப் பார்த்து நாமும் டார்ட்டின் மேல் ஒன்று வைக்கலாமே என்று தோன்றும். வழக்கமான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. வேண்டாம்.

நான்காவது முந்திரி. நெய்யில் வறுத்த முந்திரி இல்லாமல் அல்வாவா என்று கை பரபரக்கும். முந்திரி ஒவ்வாமை உள்ள ஒருவர் அந்த அறையில் இருந்தால், உங்கள் தட்டு முழுக்கவே அவருக்கு விலக்கு. பூசணி விதையை வெறும் வாணலியில் பொரியும்வரை வறுத்துத் தூவினால், மொறுமொறுப்பும் கிடைக்கும், பொருத்தமாகவும் இருக்கும். விதைப் பாக்கெட்டில் ‘மரக்கொட்டைகள் கையாளும் ஆலையில் தயாரானது’ என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டின்னைப் பண்டிகைக்கு முந்தைய வாரமே வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் அலமாரி காலியாகிக் கிடக்கும். கிடைக்காமல் போனால் பரங்கி இனத்தைச் சேர்ந்த பட்டர்நட் ஸ்குவாஷைத் தோல் சீவி வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. திண்ணை வாசலில் அலங்காரத்துக்கு வைக்கும் பெரிய ஆரஞ்சு நிறப் பூசணியை மட்டும் வாங்காதீர்கள். அதில் நாரும் தண்ணீரும்தான் இருக்கும்.

3. அல்வா: இரண்டு நாள் முன்னதாக

அடிகனமான, அகலமான வாணலியில் இரண்டு மேஜைக்கரண்டி நெய் விட்டு, இரண்டு டின் ப்யூரேயையும் கொட்டிக் கிளறுங்கள். நடுத்தரத் தீ போதும். பரங்கி விழுது எரிமலை மாதிரி குமிழி விட்டுத் தெறிக்கும், கையில் பட்டால் நன்றாகவே சுடும். நீளக் காம்புள்ள மரக்கரண்டியும், பாதி மூடிய மூடியும் அவசியம். மூடியை முழுக்க மூடினால் தண்ணீர் வெளியேறாது.

பச்சை வாசனை போய், விழுது சுருங்கி, கரண்டியால் கோடு இழுத்தால் அடிப்பாத்திரம் ஒரு நொடி தெரிய வேண்டும். இதற்கு 20 நிமிடம் வரை ஆகும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுச் சர்க்கரை போடுகிறவர்கள்தான் பின்னால் கூழாகிவிட்டதே என்று தவிப்பார்கள். தண்ணீர் வற்றுவது எல்லாம் சர்க்கரைக்கு முன்னால் நடக்க வேண்டும்.

அப்புறம் சர்க்கரையும் உப்பும் போடுங்கள். போட்டதும் இளகிவிடும், பயப்பட வேண்டாம். தொடர்ந்து கிளறிக்கொண்டே மிச்ச நெய்யைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். இன்னும் 15 முதல் 20 நிமிடத்தில் ஓரங்களில் ஒட்டாமல் திரண்டு வரும். ஒரு துளியைத் தட்டில் வைத்துப் பாருங்கள். பரவாமல் குவிந்து நின்றால் பதம் வந்துவிட்டது. அடுப்பை அணைத்த பிறகு ஏலக்காய், சுக்கு, பட்டைப் பொடிகளைச் சேருங்கள். பொடிகளை முன்பே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும்.

நம் வீட்டு அல்வாவில் நெய் கக்கி நிற்க வேண்டும். இங்கே அது கூடாது. கக்கிய நெய் ஷெல்லை ஊறவைக்கும். குளிரூட்டிய கூட்டறையில் உறைந்து வெள்ளைப் படலமாகவும் மேலே நிற்கும், தெரியாதவர்கள் அதைப் பார்த்துக் கெட்டுவிட்டதோ என்று நினைப்பார்கள். மேலே சொன்ன அளவுக்கு ஒரு கரண்டி குறைந்தாலும் பரவாயில்லை, கூட வேண்டாம். பச்சைக் கற்பூரமும் வேண்டாம். பழகாத மூக்குக்கு அது மருந்துத் தைலத்தைத்தான் ஞாபகப்படுத்தும். வெனிலாவும் தேவையில்லை. இங்கே ‘ப்யூர் வெனிலா எக்ஸ்ட்ராக்ட்’ என்று விற்க வேண்டுமானால் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது விதி. மதக் காரணத்தால் அதைத் தவிர்ப்பவர்கள் இருக்கலாம். ஏலக்காய் இருக்கும்போது அந்தச் சிக்கல் நமக்கெதற்கு?

சூடான அல்வாவை ஆழமான டப்பாவில் அடைத்து மூடாதீர்கள். மூடியில் வேர்த்துச் சொட்டும் நீர் மேல்பாகத்தை நீர்க்க வைத்துவிடும். அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் மூடி, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று, நான்கு நாள் வரை நன்றாக இருக்கும்.

4. அட்டை: இதுதான் உங்கள் ஆவணம்

சமையலை விட இதற்கு அதிகக் கவனம் கொடுங்கள் என்றே சொல்வேன். பெயர் தெரியாத பண்டத்தின் முன்னால் ஆட்கள் நின்று பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள பிரவுனியை எடுத்துக்கொண்டு போவார்கள். ருசி பிடிக்காமல் போவதல்ல அது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் காரணம்.

அமெரிக்கச் சட்டத்தில் முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் என்று 9 இருக்கின்றன: பால், முட்டை, மீன், ஓட்டுடலி மீன்வகைகளான இறால், நண்டு போன்றவை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் மட்டும் 2023 ஜனவரி 1 முதல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. இந்தச் சட்டம் பொதிந்து விற்கும் உணவுக்குத்தான். பாட்லக் அட்டைக்கு யாரும் அபராதம் போட மாட்டார்கள். ஆனால் வருபவர்கள் கண் தேடுவது இந்த ஒன்பதைத்தான்.

கொட்டை எழுத்தில், கைப்பட எழுதினாலே போதும். முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில் ஒரே வாக்கியத்தில் விளக்கம்: பம்ப்கின், சர்க்கரை, நெய், ஏலக்காய் சேர்த்துக் கிளறிய இனிப்பு, மொறுமொறு ஷெல்லில். மூன்றாவது வரியில் ‘உள்ளது: கோதுமை, பால்’. நான்காவது வரியில் ‘சேர்க்காதது: முட்டை, கொட்டைகள், ஜெலட்டின்’. ஷெல் பெட்டியின் பொருள்பட்டியலைப் பார்த்து, சோயா போன்ற வேறு ஏதாவது இருந்தால் மூன்றாவது வரியில் சேர்த்துவிடுங்கள். நெய்யில் பால்புரதம் கிட்டத்தட்ட இல்லைதானே என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு பாலை விட்டுவிடக் கூடாது. ‘நட் ஃப்ரீ’ என்று மொட்டையாக எழுதவும் வேண்டாம். உங்கள் மிக்ஸியில் நேற்றுத்தான் முந்திரி அரைத்திருப்பீர்கள். ‘கொட்டைகள் சேர்க்கவில்லை, கொட்டைகள் புழங்கும் சமையலறையில் செய்தது’ என்பதே நேர்மையான வாசகம்.

பெட்டிகளின் பொருள்பட்டியலைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது துருவிக் கேட்டால் காட்டிவிடலாம்.

பால், நெய்கூடச் சேர்க்காத வீகன் நண்பர்களுக்கும் வேண்டுமானால், அல்வாவில் நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு பங்கைத் தனியாகக் கிளறுங்கள். ஷெல்லும் வீகன்தானா என்று பெட்டியில் பாருங்கள். தட்டு தனி, அட்டை தனி, இடுக்கியும் தனி.

5. முந்தைய இரவு

ஷெல்களை ஃப்ரீஸரிலிருந்து எடுத்து, 350 டிகிரி ஓவனில் 3 முதல் 5 நிமிடம் வைத்து எடுங்கள். இங்கே ஓவன் பாரன்ஹீட்டில் ஓடும். ஊர்க் கணக்கில் அது 175 செல்சியஸ். ஏற்கெனவே சுட்டு வருபவை என்பதால் நிறம் மாறும்வரை காத்திருக்கக் கூடாது. நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்குங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், பதத்துப் போகும்.

ஷெல் நமுத்துப் போகாமலிருக்க ஒரு வழி இருக்கிறது. வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, உட்புறம் மெல்லியதாகப் பூசி உறைய விட்டால், அல்வாவின் ஈரம் மாவில் இறங்காது. நிரப்பி ரொம்ப நேரம் கழித்துத்தான் பரிமாறுவார்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆனால் வெள்ளைச் சாக்லேட்டில் பெரும்பாலும் சோயா லெசித்தின் இருக்கும், அட்டையைத் திருத்த வேண்டும். அங்கே போய் நிரப்ப முடியும் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

எடுத்துப்போக மினி மஃபின் தட்டுதான் நல்லது. 24 குழி உள்ள தட்டில் ஷெல்கள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், காரில் வளைவு திரும்பும்போது கவிழாது. இல்லாவிட்டால் 9×13 அங்குல அலுமினியத் தட்டில் நெருக்கமாக அடுக்கலாம். திரும்ப வேண்டும் என்று நினைக்கும் பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். திரும்ப வராவிட்டாலும் கவலையில்லை என்கிற பாத்திரமே உத்தமம்.

பையில் வேறென்ன: இடுக்கி ஒன்று, காகித நாப்கின், அட்டை, கத்தரிக்கோல், தடிமனான ஜிப்லாக் பை இரண்டு, ஈரத்துணி.

6. அன்று

காலையில் அல்வாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் கல் மாதிரி இருக்கும். நெய் உறைந்ததுதான் காரணம். மைக்ரோவேவில் 30 நொடி வைத்து, கிளறி, தேவைப்பட்டால் இன்னொரு 30 நொடி. பிசைந்தால் வழவழப்பாக வரும் அளவு போதும், சூடாகக் கூடாது. இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பாட்லக் அன்று அலுவலக மைக்ரோவேவ் முன்னால் ஒரு வரிசையே நிற்கும். பிறகு ஜிப்லாக் பையில் நிரப்பி, ஐஸ் பேக்கோடு எடுத்துப்போய், அங்கே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பரிமாறுவதற்கு அரைமணி முன்னால் பையை எடுத்துக் கையால் பிசைந்து இளக்கி, மூலையைக் கத்தரித்து, ஒவ்வொரு ஷெல்லிலும் இரண்டு தேக்கரண்டி அளவு பிழியுங்கள். 60-ஐயும் நிரப்ப 15 நிமிடம் ஆகும். ஒரு நண்பரைக் கூப்பிட்டுக்கொண்டால் பாதி நேரம்தான். மேலே நாலு பூசணி விதை.

கிரீம் வேண்டுமா? பம்ப்கின் பை என்று கண்ணை ஏமாற்றுவதே அந்த வெள்ளைப் பொட்டுதான், அதனால் நான் வேண்டும் என்பேன். அமுக்கினால் பீய்ச்சும் கேன் கிரீமை வாங்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் கரைந்து தண்ணீராக வழியும். ஒரு கப் குளிர்ந்த ஹெவி கிரீமில் இரண்டு மேஜைக்கரண்டி பவுடர் சர்க்கரையும், இரண்டு மேஜைக்கரண்டி மாஸ்கர்போனே சீஸும் சேர்த்து அடித்தால் நின்று பிடிக்கும். இங்கே விற்கும் பவுடர் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும், அதுவும் உதவுகிறது. இதையும் தனிப் பையில், குளிர்ச்சியாகவே எடுத்துப் போங்கள். அல்வா வெதுவெதுப்பாக இருந்தால் கிரீம் உருகிவிடும், ஆகவே தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். ஃப்ரிட்ஜ் வசதி இல்லாத இடமென்றால் கிரீமை மறந்துவிடுங்கள்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பாதுகாப்பு விதி ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கெட்டுப்போகக்கூடிய உணவு 40 முதல் 140 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 90 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். அதனால் 60-ஐயும் ஒரேயடியாக மேஜையில் பரப்பாமல் 30 வைத்து, காலியானதும் அடுத்த 30-ஐ அப்போது நிரப்பி எடுத்து வையுங்கள். இரண்டாவது தட்டில் ஷெல் மொறுமொறுப்பாகவும் இருக்கும். முதல் தட்டைத் தவறவிட்டவர்கள் வாழ்த்துவார்கள்.

7. மிச்சமானால்

நிரப்பிய டார்ட் அடுத்த நாளுக்கு ஆகாது, ஷெல் நமுத்துவிடும். கிரீம் வைத்து 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவற்றை யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். நிரப்பாத ஷெல் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் தாங்கும். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராமல் பையில் மிஞ்சிய அல்வாவை ஃப்ரீஸரில் போட்டால் டிசம்பர் பாட்லக்குக்கு ஆகும். முந்தைய இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உறைநீக்கிய பிறகு, வாணலியில் ஒரு ஐந்து நிமிடம் கிளறி, விட்ட தண்ணீரை வற்ற வையுங்கள். ஷெல் மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.